மயிலாத்தாள் நிறுத்திய வலை

அருள்புரத்தில் தண்டாயுதபாணியின் ஆபீசுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அவர் அல்ல, உலகம். சுவர் முழுக்க ஒரு உலகப்படம். அவர் கம்பெனியின் பனியனும் ஜட்டியும் போய்ச் சேர்ந்த நாடுகளில் எல்லாம் குட்டிக் கொடி குத்தியிருக்கும். எத்தனை கொடி என்று வந்தவர் கேட்க வேண்டியதில்லை. நாற்காலி சூடாவதற்குள் அவரே சொல்லிவிடுவார். கிரீன்லாந்தில்கூட ஒரு கொடி உண்டு. சரக்கு போனது டென்மார்க்குக்குத்தான். படத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம் அடித்திருந்ததால் அங்கேயும் ஒன்று குத்திவிட்டார். பனிக்கரடி எதுவும் இதுவரை மறுப்புத் தெரிவிக்கவில்லை.

படத்துக்குப் பக்கத்தில் விருதுகள். அவற்றில் இரண்டு மூன்று, அவர் நன்கொடை தராத சங்கங்களே கொடுத்தவை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த உலகத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள் கலைமகள். அவருடைய தங்கை மகள். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில், விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராய்கிற விஞ்ஞானி. வருடத்துக்கு ஒருமுறை பங்குனி உத்திரத்துக்கு எட்டிப் பார்க்கிறவள், உத்திரம் இல்லாத மாதத்தில் வந்திருந்தாள்.

"மாமா, எனக்கு ஒரு துணி பின்னிக் குடுக்கோணுமுங்க."

"அட, இதுக்கா இத்தனை தூரம்? எத்தனை டன்னு அம்மிணி?"

"அரைக் கிலோ."

"அது சாம்பிளு. ஆர்டர் எத்தனை?"

"ஆர்டரே அரைக் கிலோதானுங்க மாமா."

தண்டாயுதபாணி ஒருமுறை உலகப்படத்தைப் பார்த்துக்கொண்டார், அதன் காதில் விழுந்திருக்கக் கூடாதே என்பதுபோல.

கலைமகள் விளக்கினாள். அவளும் அவள் கூட்டாளிகளும் ஒரு சின்ன செயற்கைக்கோள் செய்கிறார்கள். அதன் தலையில் ஒரு குடை. ராக்கெட்டில் மடங்கிப் போய் மேலே விரியும். எங்கோ அண்டத்தின் மூலையில், பூமியே உண்டாகாத காலத்தில் புறப்பட்ட ஹைட்ரஜன் வாயுவின் முனகலை அந்தக் குடை பிடிக்க வேண்டும். தரையில் நின்றால் அது கேட்காது. நம் செல்போன் டவர்களின் கூச்சல் அமுக்கிவிடும். குடைக்குத் துணி, துணி அல்ல: முடியைவிட மெல்லிய மாலிப்டினம் கம்பி, மேலே தங்கப் பூச்சு, அதை நூல் மாதிரி பின்னிய வலை. நெய்தால் மடிப்பு விழும். பின்னினால்தான் எப்படி மடித்தாலும் திரும்ப இழுத்து நிற்கும். நம் பனியன் மாதிரி.

"வெளிநாட்டுல பின்னி விக்கறாங்க மாமா. வாங்கப் போனோம். குடுக்கறேன்னாங்க. அப்பறம் நெரப்பித் தரச் சொல்லி ஒரு ஃபாரம் அனுப்புனாங்க. நீ யாரு, எதுக்கு, வேற யாருக்காச்சும் தருவியா, ஏவுகணை செய்வியா, அணுகுண்டு செய்வியா..."

"வலையில அணுகுண்டா?"

"இதே வலையில உளவு பாக்கற செயற்கைக்கோளுக்கும் குடை செய்யறாங்க. அதனால அந்த ஊரு ஆயுதப் பட்டியல்ல இது இருக்குதுங்க. பீரங்கி, டாங்கி, அதுக்குக் கீழ எங்க வலை. ரெண்டு வருசம் காத்திருந்தோம். முடியாதுன்னு ஒரு வரி வந்துச்சு. காரணம் சொல்றதுக்கும் அனுமதி இல்லையாம்."

அந்த நாட்டிலேயே அவளோடு சேர்ந்து இந்தச் சோதனையைத் திட்டமிட்ட பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். வலையில் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று போனில் கேட்டதற்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசினாராம். கண்ணியின் கணக்கைச் சொல்வதும் சட்டப்படி ஏற்றுமதிதான். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் ஜெயில்.

தண்டாயுதபாணி நாற்காலியில் சாய்ந்தார். "முப்பது வருசமா ஜட்டி அனுப்பறேன் கண்ணு. எதுக்குன்னு ஒருத்தன் கேட்டதில்லை."

"கம்பி மட்டும் பட்டியல்ல இல்லீங்க மாமா. இன்னொரு நாட்டுல இருந்து வாங்கிட்டோம். ஆனா நாங்க வாங்குன கையோட அவங்களும் முழிச்சுக்கிட்டாங்க. இனிமேட்டுக்குக் கம்பியும் வராது. இருக்கறது ஒரு வலைக்கும், பழகிப் பாக்கக் கொஞ்சத்துக்கும்தான். மாசக் கடைசித் திங்கக்கிழமைக்குள்ள வலை சோதனைக் கூடத்துக்குப் போகோணும். போகாட்டி ராக்கெட்டுல எங்க இடத்தை வேற ஒரு குழுவுக்குக் குடுத்துருவாங்க. ஏழு வருச வேலைங்க மாமா."

தண்டாயுதபாணி ஆயிரம் பந்தா பண்ணுகிறவர்தான். ஆனால் 'முடியாது' என்று ஒரு வெளிநாட்டுக்காரன் சொன்ன துணியை அருள்புரத்தில் பின்னிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதைத் தாங்கும் சக்தி அவர் உடம்பில் கிடையாது. எழுந்தார். "மோகன்ராஜு!" என்றார், பக்கத்துக் கம்பெனிக்கும் கேட்கும்படி.

மோகன்ராஜ் மெஷின் பிட்டர். விளையாட்டுச் சட்டைக்கு உள்ளே வைக்கும் வலைத் துணி பின்னுவதற்கு என்று மொதலாளி எப்போதோ ஆசைப்பட்டு வாங்கிய மெஷின் ஒன்று ஷெட்டின் கோடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதை எழுப்பினார்கள். எண்ணெய் விட்டார்கள். கம்பியைக் கோத்து ஓட்டினார்கள். கம்பி அறுந்தது. வேகத்தைக் குறைத்தார்கள், அறுந்தது. மெழுகு தடவினார்கள், வழுக்கிக்கொண்டு போய் அறுந்தது.

"மேடம், உங்க கம்பிக்கு நம்ம ஊரு தண்ணி ஒத்துக்கலீங்க," என்றான் மோகன்ராஜ்.

"உங்க மெஷினுக்கு மரியாதை தெரியலீங்க," என்றாள் கலைமகள்.

"நூலுன்னா இழுத்தா நீளும், உட்டா சுருங்கும். இது ரெண்டும் பண்ண மாட்டேங்குது. எங்க பெரிய மாமனார் மாதிரி."

இப்படி இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை, டீ குடிக்கப் போன கலைமகள் எம்பிராய்டரி பிரிவில் நின்றுவிட்டாள். அங்கே பூ வேலைக்கு அடியில் ஒரு மெல்லிய தாளை வைத்துத் தைக்கிறார்கள். தைத்து முடித்து வெந்நீரில் அலசினால் தாள் கரைந்து போய்ப் பூ மட்டும் நிற்கும். டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"மோகன்ராஜுங்க, கரையற தாளு மாதிரி கரையற நூலு இருக்குதுங்களா?"

"வரிசையாப் பின்னுற காலரைத் தனித்தனியாப் பிரிக்க நடுவுல போடறது. இருக்குதே," என்றவன், பாதியில் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனும் ஓடினான்.

கம்பிக்குத் துணையாகக் கரையும் நூலை முறுக்கிக் கோத்தார்கள். இழுபடும் வேலையை நூல் வாங்கிக்கொண்டது. கம்பி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒன்றும் செய்யாமல் கூடவே போனது. மெஷின் ஆமை வேகத்தில் ஓடியது. அறுபடவில்லை.

இந்த யோசனை தன்னுடையது என்று தண்டாயுதபாணி அன்று சாயங்காலமே சொல்ல ஆரம்பித்துவிட்டார். மோகன்ராஜும் கலைமகளும் மறுக்கவில்லை. மறுக்க நேரமில்லை.

வெந்நீரில் அலசி நூல் கரைந்த பிறகு வலையைத் தூக்கிப் பிடித்தார்கள். இந்த ஊரில் துணி பார்த்து வியக்கிற ஆள் கிடையாது; பிறந்ததிலிருந்து அதன் தூசியைத்தான் தின்கிறோம். அன்று வியந்தார்கள். கையில் போட்டால் கை தெரிந்தது, துணி தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பினால் வெயிலே பொடிப்பொடியாகப் பின்னலில் மாட்டிக்கொண்டதுபோல ஒரு மினுக்கம். ஒடிசாக்காரத் தொழிலாளி ஒருவர், "ஷாதி கா?" என்று கேட்டார். கல்யாணத்துக்கா என்று. மொதலாளிக்கு நெஞ்சு விம்மியது. போட்டோகிராபரைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

"மாமா, யாருக்கும் சொல்லக் கூடாதுங்க. ஆயுதப் பட்டியல்ல இருக்கற சாமானுங்க இது."

"பேப்பர்ல மட்டும்..."

"கூடாதுங்க."

"நான் பொருளாளரா இருக்கற சங்கத்துல, பேரு சொல்லாம..."

"மாமா."

மனிதர் வாழ்நாளில் செய்த ஒரே பெரிய காரியம், அதை வெளியே சொல்லக் கூடாது. வயிற்றுவலிக்காரர் மாதிரி ஷெட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்துகொண்டிருந்தார். இரண்டு நாட்கள் அவர் உலகப்படத்தைப் பற்றிக்கூட யாரிடமும் பேசவில்லை என்று கேட் வாட்ச்மேன் பின்னாளில் சாட்சி சொன்னார்.

சனிக்கிழமை மதியம் வலையைப் பெட்டியில் வைத்து பெங்களூருக்குக் காரில் கிளம்புவதாக ஏற்பாடு. கலைமகள் ஆபீசில் உட்கார்ந்து சோதனைக் கூடத்தாருடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். "பேக் ஆயிட்டிருக்கு சார், திங்கக்கிழமை காலைல அங்க இருக்கும்," என்று அவள் சொல்லி முடித்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு மயிலாத்தாள் வந்தாள்.

மயிலாத்தாள் பேக்கிங் பிரிவுக்குப் பொறுப்பு. அந்தப் பிரிவின் வாசலில் ஊசி மெஷின் இருக்கிறது. இந்த ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தைக்கும்போது ஊசி ஒடிந்து அதன் நுனி குழந்தைச் சட்டைக்குள் போய்விட்டால், அங்கே ஒரு குழந்தை அழும், இங்கே ஒரு கம்பெனி மூடும். அதனால் பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு துண்டும் இந்த மெஷினின் குகைக்குள் ஊர்ந்து வெளியே வர வேண்டும். உள்ளே ஊசி இருந்தால் மெஷின் கத்தும், துணியைத் திருப்பித் தள்ளும். மேலே ஒரு போர்டு: 'மெஷின் கத்தினால் மொதலாளியின் சட்டையானாலும் வெளியே போகாது.' கீழே தண்டாயுதபாணியின் கையெழுத்து. ஒருமுறை சரக்கு வாங்க ஜப்பான் பையர் ஒருவர் வந்திருந்தபோது, அவர் எதிரிலேயே தன் சட்டையைக் கழற்றி மெஷினில் விட்டுக் காட்டியவர் இவர். ஜப்பான்காரர் குனிந்து வணங்கினார். ஆர்டர் கிடைத்தது. போர்டு மாட்டப்பட்டது.

"மொதலாளி, அந்தத் தங்க வலைங்க. மெஷின் கத்திருச்சு. செவப்புச் சீட்டுப் போட்டு ரிஜெக்ட் கூண்டுல வெச்சுப் பூட்டிட்டனுங்க."

தண்டாயுதபாணிக்குக் கோபம் வந்தால் மரியாதையும் கூடவே ஏறும். அது இந்த மண்ணின் நோய்.

"ஏனுங்க மயிலாத்தா, உங்களுக்கு அறிவு கிறிவு இருக்குதுங்களா? அது முழுக்கக் கம்பிங்க! கம்பித் துணியை ஊசி மெஷின்ல உட்டா கத்தாம தாலாட்டுங்களா பாடும்?"

"அது என்ன பாடுமோ எனக்குத் தெரியாதுங்க. பெட்டிக்குப் போகற பீசு. மெஷின்ல உட்டேன். கத்துச்சு."

"ஆரு உடச் சொன்னாங்க?"

"போர்டு சொல்லுதுங்களே. உங்க கையெழுத்துப் போட்டு."

"சாவியைக் குடுங்க மொதல்ல!"

"ஊசி எடுத்தாத்தானுங்க கூண்டு தொறக்கறது."

பின்னால் வந்து நின்ற மோகன்ராஜ் சிரித்தான். தண்டாயுதபாணி தலையில் கை வைத்துக்கொண்டார். கலைமகளும் சிரித்துவிட்டாள். "மாமா, அந்த நாட்டு ஆபீசருக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே இல்லீங்க. என்ன ஏதுன்னு பாக்கறதில்ல. பட்டியல்ல இருக்குது, போகாது. கம்பி இருக்குது, போகாது..."

சிரிப்பு பாதியில் நின்றது. நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏனுங்க மயிலாத்தாக்கா, பித்தளை ஜிப்பு வெச்ச சட்டையை உட்டா உங்க மெஷின் கத்துமுங்களா?"

"கத்தாதுங்க. பித்தளைப் பட்டன், ஜிப்பெல்லாம் கம்முனு போயிரும்."

"இரும்புக்கு மட்டும்தான்?"

"ஊசிக்குத்தானுங்க கத்தும். அதுக்குத்தான வாங்கிப் போட்டிருக்குது."

கலைமகள் எழுந்தாள். அவள் வலையில் இருப்பது தங்கமும் மாலிப்டினமும். காந்தத்தைப் பார்த்தால் இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்காத சாதி. இந்த மெஷின் காந்தத்தை வைத்து வேலை செய்கிறது என்றால், வலையைப் பொறுத்தவரை அதற்குக் கம்பியே கண்ணில் படக் கூடாது. பிறகு எதற்குக் கத்தியது?

பழகுவதற்குப் பின்னிய வலைத் துண்டு ஒன்று அவள் பையில் இருந்தது. ஓடிப் போய் அதை மெஷினில் விட்டாள். கம்மென்று போய் அந்தப் பக்கம் விழுந்தது. மறுபடி விட்டாள். சத்தமில்லை.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மயிலாத்தாளே கூண்டைத் திறந்து வலையை எடுத்து வந்தாள். மேசையில் கறுப்புத் துணி விரித்து அதன் மேல் பரப்பினார்கள். கைப்பிடி வைத்த சின்ன டிடெக்டரை மயிலாத்தாள் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். ஓரத்தில் ஒரு இடத்தில் அது முனகியது. கலைமகள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பின்னல் ஊசியின் கொக்கி நுனி. அரிசி நொய்யில் பாதி. இரண்டு கண்ணிகளுக்குள் மாட்டிக்கொண்டு, தங்கத்தோடு தங்கமாகப் படுத்திருந்தது.

அப்படியே மேலே போயிருந்தால் மடங்கி விரியும்போது வலையைக் கிழித்திருக்கும். கிழிக்காமல் பிழைத்திருந்தால் இன்னும் மோசம்: அந்த இரும்பு நுனி, கம்பியில் உரசிக் கரகரத்துக்கொண்டே இருக்கும். அண்டத்தின் மூலையிலிருந்து வந்த முனகல் என்று நம்பி, அருள்புரத்து ஊசி நுனியின் கரகரப்பை ஆயுள் முழுக்க ஆராய்ந்துகொண்டிருந்திருப்பாள். அதற்குக் கருத்தரங்கும் நடந்திருக்கும்.

இடுக்கியால் இழுத்தால் கம்பி அறுந்துவிடும். வேறு வலைக்குக் கம்பி இல்லை. மயிலாத்தாள் இரண்டு குண்டூசிகளால் கண்ணிகளை மெல்ல அகட்டிப் பிடிக்க, கலைமகள் ஒரு குட்டிக் காந்தத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அருகே கொண்டுபோனாள். நுனி ஒருமுறை புரண்டது. பிறகு துள்ளிப் போய்க் காந்தத்தில் ஒட்டியது.

"அப்பாடா," என்றார் தண்டாயுதபாணி. "கெளம்பு அம்மிணி. காரு நிக்குது."

"சித்த இருங்க," என்றாள் மயிலாத்தாள். "ஊசி எடுத்த பீசு மறுக்கா மெஷின்ல போகோணும்."

"அதான் எடுத்தாச்சுங்களே! கண்ணால பாத்தீங்கல்ல?"

"பாத்தனுங்க. மறுக்கா போகோணும்."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். தண்டாயுதபாணி வாயைத் திறந்தார். ஆனால் கலைமகள் அதற்குள் வலையை எடுத்து மயிலாத்தாளின் கையில் கொடுத்திருந்தாள். "உடுங்கக்கா," என்றாள்.

பெல்ட் நகர்ந்தது. வலை குகைக்குள் போனது. மெஷின் கத்தியது.

அந்த ஷெட்டில் அதற்கு முன் எத்தனையோ தடவை அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. தையல் மெஷின்கள்கூட அன்றுதான் அதைக் கேட்டு நின்றன. மோகன்ராஜின் முகம் வெளுத்தது. ஓடிப் போய்த் தன் மெஷினின் ஊசி வரிசையை விளக்கைப் போட்டுப் பார்த்து வந்தான். "ரெண்டு ஊசி நுனி இல்லீங்க மேடம். கடைசிச் சுத்துல ஒடிஞ்சிருக்குது. நான் பாக்கலை."

மறுபடி கறுப்புத் துணி. இந்தத் தடவை தண்டாயுதபாணி தானாகவே டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே மண்டியிட்டார், வலையை அடியிலிருந்து வெளிச்சம் காட்டினால் நிழல் விழும் என்று. வெள்ளை வேட்டி, சங்கப் பொருளாளர், முழங்காலில் பஞ்சுத் தூசி. யாரும் போட்டோ எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. "இன்னும் கொஞ்சம் இக்கட்டால, இந்தப் பக்கமாக் காட்டுங்க மொதலாளி," என்றாள் மயிலாத்தாள். காட்டினார். "ஆடாம புடியுங்க." ஆடாமல் பிடித்தார். இரண்டாவது நுனி, வலையின் நட்ட நடுவில் இருந்தது.

எடுத்தார்கள். காந்தத்தில் ஒட்டிய இரண்டு துணுக்குகளையும் மோகன்ராஜ் கழற்றிக் கொண்டுவந்த ஊசிகளோடு பொருத்தி, ஒன்றும் பாக்கியில்லை என்று மயிலாத்தாள் தலையாட்டினாள். பிறகு வலையைப் பெல்ட்டில் வைத்தாள். கலைமகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏழு வருடம் குகைக்குள் நுழைந்து, ஊர்ந்து, வெளியே வந்து விழுந்தது.

சத்தமில்லை.

மயிலாத்தாள் சிவப்புச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பச்சைச் சீட்டு ஒட்டினாள். குழந்தைச் சட்டைக்கு ஒட்டும் அதே சீட்டு, முயல் படம் போட்டது. "இனி போகலாமுங்க," என்றாள், அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை கலைமகளிடமிருந்து போன் வந்தது. மடக்கினார்கள், குலுக்கினார்கள், குளிரில் வைத்தார்கள், விரித்தார்கள். ஒரு கண்ணி அறுபடவில்லை. ராக்கெட்டில் இடம் உறுதி. கூடவே ஒரு செய்தி. வானிலை பேசிய அந்த வெளிநாட்டுப் பேராசிரியர், தன் பங்குக்குச் செய்கிற ஜோடிச் செயற்கைக்கோளுக்கு இதே வலையில் அரைக் கிலோ கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கம்பியை அவரே அனுப்புகிறாராம்; அவர் ஊர் வலையை மாட்டினால் செயற்கைக்கோளை ஏவுவதற்கு நாட்டுக்கு வெளியே கொண்டுபோக விட மாட்டார்களாம்.

"அனுப்பிட்டாப் போகுது!" என்றார் தண்டாயுதபாணி. முப்பது வருட ஏற்றுமதியாளர் குரல் திரும்பியிருந்தது.

"முடியாதுங்க மாமா. நம்ம நாட்டுப் பட்டியல்லயும் இது இருக்குதாம். லைசென்ஸ் வாங்கோணும். எதுக்குன்னு அவரு எழுதிக் குடுக்கோணும்."

தண்டாயுதபாணி போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "எழுதிக் குடுக்கட்டும்," என்றார். "ஏவுகணை செய்ய மாட்டேன்னும் சேத்து எழுதச் சொல்லு. கேக்கோணுமில்ல."

இப்போது அந்த ஆபீசுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கிரீன்லாந்தில் கொடி இல்லை. அந்தக் கொடி உலகப்படத்தின் சட்டத்துக்கு வெளியே, மேலே, வெறும் சுவரில் குத்தியிருக்கிறது. கண்ணில் பட்டவர்கள் கேட்கத்தான் கேட்கிறார்கள்: "ஏனுங்க, அது எந்த நாடு?"

"அதுங்களா," என்கிறார் தண்டாயுதபாணி. வாய் வரை வந்ததை ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்குகிறார். "அது ஒண்ணுமில்லீங்க. டீ சாப்பிடுங்க."